குருத்தில் நின்ற தண்ணீர்

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் வாயாடி எழுதுகிறேன். நானும் குட்டியும் நலம். மலைப்பாதையில் பனி விலகி, தபால் வண்டி மறுபடி மேலே ஏறுகிறது என்று கேள்விப்பட்டதும் பேனாவை எடுத்துவிட்டேன். அந்த வானிலை நிலையத்தில் குளிர் எப்படி இருக்கிறது? கம்பளிச் சட்டையைப் பெட்டியில் பத்திரமாக வைத்துவிட்டு நடுங்குகிற ஆள் நீங்கள். எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

அத்தை இறந்தபோது பாதை மூடிக் கிடந்தது. செய்தி எட்டியும் உங்களால் வர முடியவில்லை. அதற்குப் பிறகு, நடுவில் சில நாள் பாதை திறந்தபோது வந்த உங்கள் கடிதத்தில் அம்மாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நானும் கேட்கவில்லை. நம் ஸ்ட்ராபெர்ரிச் செடிகளைப் பற்றிச் சொல்கிறேன்.

கண்ணாடிக் குடிலில் மேற்கு ஓரத்துப் பாத்தி, அத்தை தன் கையால் நட்டது, திடீரென்று வாடத் தொடங்கியது. முதலில் மதியத்தில் இலைகள் தொங்கும், சாயங்காலம் நிமிர்ந்துகொள்ளும். வெயில்தான் என்று விட்டுவிட்டேன். பிறகு நிமிரவே இல்லை. இலையைத் திருப்பி, சாறு உறிஞ்சும் சிலந்திப்பேன் இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. உரம் வைத்தேன், இன்னும் மோசமானது. மற்ற பாத்திகள் எல்லாம் பச்சைப்பசேல் என்று நிற்க, இது ஒன்று மட்டும் செத்துக்கொண்டிருந்தது.

வேளாண் ஆய்வகத்திலிருந்து ஒரு டாக்டர் அம்மா வந்தார். ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டினார். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் எலிவால் மாதிரி கறுத்திருந்தது. நடுத்தண்டைக் கத்தியால் பிளந்தார். உள்ளே செங்கல் நிறம். “பூஞ்சைங்க. குருத்துல தண்ணி நின்னா இப்படித்தான் அழுகும். கொஞ்சம் பாத்து ஊத்தக் கூடாதா?” என்று என்னைக் கடிந்துகொண்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் எங்கே ஊற்றினேன்? வேருக்குச் சொட்டுக் குழாய் போட்டிருக்கிறோமே! ஆனால் அவர் இலைகளை விலக்கிக் காட்டினார். ஒவ்வொரு செடியின் குருத்திலும் தண்ணீர் தேங்கி நின்றது.

அவர் சொன்னபடியே எல்லாம் செய்தேன். அழுகியதைப் பிடுங்கி எரித்தேன். மிச்சச் செடிகளுக்கு மண்ணை மேடாக்கி, குருத்து புதையாமல் பார்த்துக்கொண்டேன். மருந்து ஊற்றினேன். அந்தப் பாத்திக்குப் போகும் குழாயையே கழற்றிவிட்டு, குடிலைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

காலையில் திறந்தால் குருத்தில் தண்ணீர்.

கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டுக் கூரையைப் பார்க்கச் சொன்னேன். ஒரு கீறல்கூட இல்லை என்றார். பாத்தியைச் சுற்றி மணல் பரப்பி மட்டப்படுத்தினேன். மறுநாள் அதில் கால்தடம் இல்லை, பூனைத்தடம்கூட இல்லை. ஆனால் ஒவ்வொரு செடிக்கும் நேராக, தண்ணீர் சிந்திய சின்னக் குழி.

உங்கள் அக்கா வந்து பார்த்தார். “அம்மா இப்படித்தான் ஊத்தும். உச்சந்தலையில ஊத்துற மாதிரி” என்றார். உங்களுக்கும் தெரியுமே, இதற்காகவே எனக்கும் அத்தைக்கும் எத்தனை சண்டை! மறுபடி பார்க்க வந்திருந்த டாக்டர் அம்மாவும் அப்போது அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். பையை எடுத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், “பூஞ்சைக்கு மருந்து என்கிட்ட இருக்கு. இதுக்கு இல்லைங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் குட்டியைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நான் மட்டும் குடிலுக்குள் போனேன். நல்ல வெயில். யாராவது பார்த்தால் பைத்தியம் என்பார்களே என்று கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் சத்தமாகவே சொன்னேன்: “அத்தை, போதும். செடிக்குத் தாகம் இல்லை. நீங்க ஊத்த ஊத்த அது சாகுது.”

பாத்திக்கு எதிரே இருந்த ஒரே ஒரு கண்ணாடியில், உட்புறமாக, ஆவி படிந்தது. யாரோ மிக அருகில் நின்று மூச்சு விட்டதுபோல. பிறகு மெல்ல மறைந்தது.

அன்றோடு தண்ணீர் வருவது நின்றுவிட்டது. குருத்தெல்லாம் காய்ந்து, புதுத் தளிர் விட்டிருக்கிறது. டாக்டர் அம்மா வந்து ஒரு தண்டைப் பிளந்து பார்த்தார். உள்ளே சுத்தமான வெள்ளை. பிழைத்துக்கொண்டது என்றார். முதல் பழம் குட்டிக்குத்தான்.

இதோடு முடித்து உறையில் போடப் போனேன். அதற்குள் தபால்காரர் உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். தினமும் காலையில் உங்கள் தலைமாட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் நிரம்பி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சமையல்காரர் தான் வைக்கவில்லை என்று சத்தியம் செய்கிறார், உங்களோடு தங்கியிருந்தவர் பயந்துபோய் வேறு அறைக்கு மாறிவிட்டார், நீங்கள் தினமும் அதை ஜன்னல் வழியாகக் கொட்டிவிடுகிறீர்கள்.

எப்போதிலிருந்து என்று பார்த்தேன். இங்கே பாத்தி காய்ந்த அதே வாரத்திலிருந்து.

செடிக்குத் தாகம் இல்லை என்றுதான் நான் சொன்னேன். அத்தை வேறு யாருக்கோ தாகமாக இருக்கும் என்று தேடிப் போயிருக்கிறார்.

இனிமேல் கொட்டாதீர்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். பயப்படாமல் எடுத்துக் குடியுங்கள், ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல். குடித்துவிட்டு, “போதும்மா” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். குரல் உடைந்தால் உடையட்டும். அறையில் வேறு யாரும் இல்லையே.

என்றும் உங்கள் நலம் வேண்டும்,
வாயாடி