நிலவரசியை ஒப்படைத்த பத்திரம்

மருமகளாகப் பிறந்து என் வீட்டில் மகளாக வளர்ந்த இசைப்பிரியாவுக்கு,

நெய்வேலியில் நானும் உன் அத்தையும் மின்நிலையச் சாம்பலும் சுகம். அங்கே நீயும் மஸ்கட் வெயிலும் சண்டையில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். காடாம்புலியூரிலிருந்து இந்த வருஷம் வந்த பலாப்பழத்தை இறக்க மைன்ஸிலிருந்து கிரேன் கேட்டு மனுப் போடப் போனேன். உங்களைத்தான் கிரேனில் தொங்கவிடணும் என்றாள் அத்தை. இப்படியே நாலு பக்கம் அளந்துகொண்டு போகலாம், ஆனால் ஒரு வரி என்னை விடமாட்டேன் என்கிறது, அதை எழுதியவனும் நான்தான்.

நீயும் கருணாகரனும் பிரிவது என்று முடிவான அன்று, வக்கீல் எதற்கு, இந்த மாமன் சுப்ரீம் கோர்ட்டுக்கே தீர்ப்பு எழுதிக் கொடுப்பவன் என்று மார்தட்டி முத்திரைத்தாளை வாங்கினேன் அல்லவா. முப்பத்தோரு வருஷம், குவார்ட்டர்ஸ் காலி செய்கிறவர்களுக்கு ஒப்படைப்புப் பட்டியல் எழுதிய கை. மின்விசிறி மூன்று, குழாய் ஐந்து, நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டது, இனி உரிமை கோரமாட்டேன். அதே நடையில் எழுதினேன், பெண் குழந்தை ஒன்று, வயது ஏழு, நல்ல நிலையில் தந்தையிடம் ஒப்படைக்கப்பட்டது, இனி உரிமையோ தொடர்போ கோரமாட்டேன் என்று. வீட்டை விட்டுப் போகிற பெண்ணுக்குப் பிள்ளை கிடையாது, அதுதான் சட்டம் என்று சொன்னதும் நான்தான். நீ நம்பிக் கையெழுத்துப் போட்டாய்.

போன வாரம் நிலவரசி பள்ளிக்கூடம் விட்டு நம் வீட்டுக்கு வந்தாள். கொடுத்த முறுக்கைத் தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, தாத்தா, நான் நல்லா இருக்கேன்னுதான அதுல எழுதியிருக்கு, அப்புறம் ஏன் அம்மா என்னக் குடுத்துட்டாங்க என்று கேட்டாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லையம்மா. காலியாகக் கிடக்கிற எந்தக் குவார்ட்டர்ஸைக் கடந்தாலும் பூட்டின ஜன்னலுக்குப் பின்னால் அவள் நிற்கிறாள், பட்டப்பகலில்.

பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கடலூர் கோர்ட்டில் இலவசச் சட்ட உதவிக்குப் போனேன். உன் வயது வக்கீலம்மா ஒருவர் படித்துவிட்டு, ஐயா, நீங்க ஃபேனை ஒப்படைக்கலாம், புள்ளைய ஒப்படைக்க முடியாதுங்க என்றார். முத்திரைத்தாளில் எழுதியதால் விவாகரத்து ஆகிவிடாதாம், கோர்ட்டு தீர்ப்புச் சொல்லாதவரை நீங்கள் கணவன் மனைவிதானாம். வீட்டை விட்டுப் போனதால் தாய்க்கு உரிமை போய்விடாது, நீயே எழுதிக் கொடுத்திருந்தாலும் குழந்தைக்கு எது நல்லது என்றுதான் கோர்ட்டு பார்க்கும் என்றார். நேரே வடக்குத்தில் கருணாகரன் வீட்டுக்குப் போய் அவனிடம் சொன்னேன். அதற்கு அவன், நான் எங்க மாமா அவள தடுத்தேன், பத்திரந்தான் தடுக்குதுன்னு நெனச்சிகினு இருந்தேங்க, பாப்பா கேக்கும்போதெல்லாம் அத எடுத்துப் படிச்சிக் காட்டிகினு இருந்தேன் என்றான். படித்துக் காட்டியிருக்கிறான் அம்மா, பதினான்கு மாதமாக, என் எழுத்தை.

என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டு, அதைப் பிறகு வைத்துக்கொள். விவாகரத்து வேண்டுமென்றால் இருவரும் முறைப்படி கோர்ட்டில் கேளுங்கள். அதுவரை யார் நீட்டினாலும், நானே நீட்டினாலும், எதிலும் கையெழுத்துப் போடாதே. வேளைக்குச் சாப்பிடு. உனக்கு ஒரு குறையும் வராது, அத்தையும் நானும் மனசார வாழ்த்துகிறோம்.

சனிக்கிழமை, நம் ஊர் நேரம் காலை பத்து மணிக்குக் கருணாகரனே குழந்தையை இங்கே கொண்டுவந்து விடுவான். அம்மாகிட்ட என்ன பேசணும் தாத்தா என்று கேட்டாள். நான் எதுவும் சொல்லித் தரவில்லை. நீ கூப்பிடு. அவள் பேசாமலே இருந்தாலும் போனை வைத்துவிடாதே.

இப்படிக்கு,
சகல பட்டங்களையும் இழந்த உன் மாமன்,
பரமசிவம்