பாவின் மறுமுனை

ஆரணி,
தை மாதம் 20ஆம் தேதி.

மிஸ்டர் ஆன்சன் அவர்களுக்கு, பட்டு நெசவாளி சம்பந்தம் சொல்லச் சொல்ல எழுதப்படும் கடிதம்.

டில்லியில் ஒரே ஒரு ஓட்டில் ஆட்சி கவிழ்ந்து, கார்கிலில் சண்டை நடந்து, நம் தெருமுனையில் சிவப்பிரகாசம் எஸ்.டி.டி. பூத் திறந்தானே, அந்த வருஷத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். ஒன்பது வருஷம் ஆகிறது. நீ மறந்திருக்கலாம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எழுதி வைத்துவிட்டு மறக்கிற வசதி எனக்கு இல்லை.

நலம், நலமறிய ஆவல் என்று போடலாமா என்று எழுதுகிறவர் கேட்டார். வேண்டாம் என்றேன். உன் நலம் அறிய எனக்கு ஆவல் கிடையாது. எழுத்தைப் பார்த்ததுமே யார் கை என்று உனக்குத் தெரிந்திருக்கும். ஆமாம், உன் அப்பாதான். உன்னைத் திட்டி ஒரு கடிதம் போட வேண்டும், எழுதித் தருகிறீரா வாத்தியாரே என்று போய்க் கேட்டேன். திட்டுவதானால் எழுதுகிறேன் என்று உடனே பேனாவை எடுத்தார். நான் சொல்வதில் ஒரு சொல்லைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். ஒப்புக்கொண்டிருக்கிறார்.

முதலில் திட்டு.

அந்த வருஷம் சித்திரை வெயிலில் என் மகள் ஹேமலதாவை வேலூருக்கு அழைத்துப்போய், ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டாய். போகட்டும். கட்டிக்கொண்டவன் ஒரு வீடு பார்த்துக் குடி வைத்தாயா? ஆளுக்கொரு மூட்டையை முதுகில் மாட்டிக்கொண்டு, தாய்லாந்துப் பக்கம் ஏதோ ஒரு தீவுக்குக் கிளம்பிவிட்டீர்கள். களம்பூர் ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவன்கூட மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத்தான் ஊர் சுற்றப் போவான்.

அங்கே நடந்த கூத்தெல்லாம் எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. ஹேமலதா அவள் அம்மாவுக்கு எழுதிய கடிதங்களைக் கன்னியம்மாள் அடுப்பங்கரையில் உட்கார்ந்து மெல்ல வாய்விட்டுப் படிப்பாள். நான் தறியில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு வரி விடாமல் இப்போதும் சொல்வேன். படகு இறங்குகிற இடத்தில் நூறு மூட்டை ஒரே மாதிரி கிடந்ததாம். நீ எவனுடைய மூட்டையையோ தூக்கி வந்தாய். பிரித்துப் பார்த்தால் ஈரக் கால்சட்டையும், நீந்துகிறவன் காலில் மாட்டுகிற வாத்துக்கால் மாதிரி ரப்பரும். உங்கள் மூட்டை, இரண்டு பாஸ்போர்ட்டோடு, எந்த வெள்ளைக்காரன் முதுகிலோ எந்த ஊருக்கோ போய்விட்டது. வாடகை ஸ்கூட்டரில் போய் விழுந்து, சைலன்சரில் அவள் காலைச் சுட வைத்தாய். தங்கின ஓலைக் குடிசைக்குக் கதவு இல்லை. அவள் கையில் மிஞ்சியது அவள் கைப்பையில் வைத்திருந்த பட்டுப் புடவை ஒன்று. நானும் கன்னியம்மாளும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து பதினேழு நாள் நெய்தது. அதைக் கதவுக்குப் பதிலாகக் கட்டித் தொங்கவிட்டாய். கடல் காற்றில் சரிகை கறுத்துப்போயிற்று என்று எழுதியிருந்தாள். அந்த வரியைப் படிக்கும்போது மட்டும் கன்னியம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

எங்களுக்கு அமாவாசை அன்று தறி ஓடாது. அன்றைக்குக் குளிப்போம், கோயிலுக்குப் போவோம். நீ போன தீவில் பௌர்ணமிக்குத்தான் விசேஷமாம். வாளியில் சாராயத்தை ஊற்றி, நாலு பேர் நாலு குழல் போட்டு உறிஞ்சி, முகத்தில் பச்சையும் மஞ்சளும் பூசிக்கொண்டு, விடிந்து வெயில் ஏறுகிறவரை மணலில் ஆடுவார்களாம். என் மகளை நீ கொண்டுபோய் வைத்த இடம் அது.

திட்டு முடியவில்லை. ஆனால் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு வேறொன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆனி மாதப் பௌர்ணமிக்கு மறுநாள் காலை. தெருவில் பாவு நீட்டியிருந்தோம். உனக்குத் தெரியும், தெரு நீளத்துக்குப் பட்டு நூலை இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, வெயில் ஏறுவதற்குள் காய வைத்து எடுக்க வேண்டும். நடுவில் தொய்ந்து மண்ணில் பட்டால் அத்தனை நூலும் பாழ். வீரபாகு தெற்கு முனையில். அய்யனாரும் தருமனும் நடுவில் கஞ்சி தடவிகினு வந்தார்கள். வடக்கு முனையில் நான். முதல் நாள் பெய்த மழையில் மண் இளகி, என் பக்கத்து முளை பிடுங்கிக்கொண்டது. கயிறு என் கையை அறுத்துக்கொண்டு ஓடியது. பால் சொம்போடு அந்தப் பக்கம் வந்த உன் அப்பா சொம்பைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து, கயிற்றை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு பின்னால் சாய்ந்து நின்றார். நீங்கள் ஓடிப்போன நாள் முதல் நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதை மனசில் வைத்துக்கொள்ளாமல் பிடித்தார்.

அந்த நேரம் பார்த்து சிவப்பிரகாசம் பூத்திலிருந்து எட்டிப் பார்த்து, வாத்தியாருக்கு வெளிநாட்டிலிருந்து பையன் லைனில் இருக்கிறான், ஜல்தியாக வாருங்கள் என்று கூவினான். உன் அப்பா கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் சொன்னது இது:

"நீ போய்ப் பேசு சம்பந்தம். உன் பொண்ணும் அங்கதான இருக்குது. நான் புடிச்சிகினு இருக்கேன்."

கயிற்றை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் போயிருக்கலாம். நானும் கேட்டு வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. நான் போனேன்.

போனில் நீ அழுதாய். ஹேமலதாவுக்கு நாலு நாளாகக் காய்ச்சல் என்றாய். பாஸ்போர்ட் நகல் அப்பாவின் பீரோவில் இருக்கிறது, அதை ஃபேக்ஸ் அனுப்பினால்தான் தூதரகத்தில் வேலை நடக்கும், அப்பாவைக் கூப்பிடுங்கள் மாமா என்றாய். உன் குரலுக்குப் பின்னால் மேளச் சத்தம். பொழுது விடிந்தும் எவனோ அடித்துக்கொண்டிருந்தான், பத்துப் பேர் ஊளையிட்டார்கள். காய்ச்சல்காரியை வைத்துக்கொண்டு இருக்கிறவன் இடத்தில் மேளம் எதற்கு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் உனக்குச் சொன்ன பதில் உனக்கு மறந்திருக்காது.

"உங்க அப்பா இங்கதான் நின்னுகினு இருக்காரு. உன் கூடப் பேச மாட்டாராம். அவருக்குப் புள்ளையே இல்லைன்னு சொல்லச் சொன்னாரு."

அது பொய். போனை வைத்துவிட்டு வந்து உன் அப்பாவிடம், இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்களாம், மேளம் அடித்து ஆடிகினு இருக்கிறார்கள், உங்களைக் கேட்கவே இல்லை என்றேன். அதுவும் பொய். பாவு காய்கிறவரை அவர் கயிற்றை விடவில்லை. அவர் வைத்துவிட்டுப் போன பாலை நாய் குடித்துவிட்டது.

இதுவரை எழுதிவிட்டு உன் அப்பா பேனாவை மூடினார். எழுந்து செருப்புகூடப் போடாமல் பூத் இருந்த இடம் வரைக்கும் போனார். இப்போது அங்கே செல்போன் ரீசார்ஜ் கடை. அதன் எதிரே வெகுநேரம் நின்றார். நான் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை, அடித்தால் அடிக்கட்டும் என்றிருந்தேன். திரும்பி வந்து உட்கார்ந்து, மேலே சொல்லு என்றார். அவர் போனதையும் வந்ததையும் எழுதச் சொன்னேன். எழுதினார். பிறகு முதலிலிருந்து படித்துக் காட்டச் சொன்னேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருந்தது. இரண்டு இடத்தில் மட்டும் ‘பொய்’ என்ற சொல்லை விட்டிருந்தார். சேர்க்கச் சொன்னேன். ஏன் விட்டீர் என்று நான் கேட்கவில்லை.

அப்புறம் பத்தொன்பது நாள் அந்தத் தீவில் சிக்கிக் கிடந்தீர்கள் என்றும், காய்ச்சலில் ஹேமலதாவுக்கு முடியெல்லாம் கொட்டியது என்றும் கடிதம் வந்தது. அதிலேயே உன் அப்பாவைச் சொல்லி, மாமா எங்களைக் கைவிட்டுவிட்டார், எங்கள் விலாசத்தை அவரிடம் கொடுக்காதே என்று எழுதியிருந்தாள். படித்து முடித்துவிட்டுக் கன்னியம்மாள் என்னிடம், நீங்கதானே அன்றைக்குப் போனை எடுத்தீர்கள் என்று கேட்டாள். நான் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். அவள் மறுபடி கேட்கவில்லை, சாகிறவரை. உன் அப்பா பல தடவை விலாசம் கேட்டார். தெரியாது என்றேன். அது கன்னியம்மாள் பெட்டியில்தான் இருந்தது. இந்த உறையின் மேல் எழுதியிருப்பதும் அதைப் பார்த்துத்தான்.

உன் அம்மா பாக்கியமேரி ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் உனக்கு ஒரு சட்டைத் துணி எடுத்து, தைக்கக் கொடுக்காமல் பீரோவில் வைப்பார்கள். அளவு மாறியிருக்கும், வந்தபிறகு தைக்கலாம் என்பார்கள். ஆறு துணி இருக்கிறது. ஏழாவது கிறிஸ்மஸுக்கு அவர்கள் இல்லை. பாஸ்போர்ட் நகலும் அதே பீரோவில்தான் இன்னும் இருக்கிறது.

இப்போது ஏன் சொல்கிறேன் என்று கேட்பாய். உன் அப்பாவுக்கு இருதயத்தில் அடைப்பு. பங்குனி முதல் வாரத்தில் வேலூரில் ஆபரேஷன். போன வாரம் நான்தான் பஸ்ஸில் அழைத்துப் போனேன். நர்ஸ் பெண் ஒரு பாரத்தை வைத்துக்கொண்டு, பிள்ளைகள் பெயர் சொல்லுங்கள் என்று கேட்டாள். இவர் சொன்னார்:

"புள்ளைங்க யாரும் இல்லம்மா. எழுதிக்க."

நான் பூத்தில் சொன்ன அதே வார்த்தை. ஒன்பது வருஷம் கழித்து அவர் வாயிலிருந்தே வந்தது. பக்கத்தில் நின்று நான் கேட்டேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. என் புடவையைக் கதவாகத் தொங்கவிட்டவன் நீ. நீ வரும்போது என் வாசல் வழியாகத்தான் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். அப்போது என்னைப் பார்க்க வேண்டாம், பேச வேண்டாம், மாமா என்று கூப்பிட வேண்டாம். ஹேமலதாவும் அப்பா என்று கூப்பிட வேண்டாம். பங்குனிக்குள் வந்து அந்தப் பாரத்தில் உன் பெயரை எழுது. அது போதும்.

கீழே என் கைநாட்டு. எழுதியவர் என்று உங்கள் பெயரையும் போடுங்கள் என்றேன். போட மாட்டேன் என்று பிடிவாதமாக இருக்கிறார். நான் சொல்வதை எழுதுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார் அல்லவா, எழுதட்டும்: அன்றைக்குத் தெற்கு முனையில் நின்ற வீரபாகு செத்துவிட்டான். கஞ்சி தடவிய அய்யனாரும் தருமனும் போய்விட்டார்கள். பூத்தில் இருந்து கூப்பிட்ட சிவப்பிரகாசமும் இல்லை. கன்னியம்மாளும் உன் அம்மாவும் இல்லை. என்னைக் கணக்கில் சேர்க்காதே. எனக்காகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர்தான் இன்னும் உயிரோடு இருக்கிறார். அவர் பெயர் பவுல்துரை.