மெழுகுப்பூக் கொடிக்கு மூன்று பேர் தண்ணீர் ஊற்றினால்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். கை, கால், கண், வயிறு எல்லாம் அதனதன் வேலையைப் பார்க்கின்றன, ஞாபகமும் பார்க்கிறது. அங்கே நீ நலமா என்று கேட்க வேண்டியது முறை, கேட்டுவிட்டேன். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் நீ "சரிம்மா, சரிம்மா" என்று ஆரம்பித்துவிடுகிறாய், உன் அப்பா பக்கத்தில் நின்று இருமுகிறார். கடிதத்தை யாரும் குறுக்கே மறிக்க முடியாது. நான் கோபமாக இருக்கிறேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை படித்துக் கண்டுபிடிக்கும் சிரமம் உனக்கு வேண்டாம்.

என் பிறந்தநாளுக்கு நீ இங்குள்ள நர்சரியில் சொல்லி அனுப்பிய மெழுகுப்பூக் கொடியைப் பற்றித்தான் எழுதுகிறேன். வந்த அன்று எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. மழைக்காட்டில் மரத்தைப் பற்றிக்கொண்டு ஏறுகிற சாதி, அதை ஒரு சின்னத் தொட்டியில் கம்பி வளையத்தில் சுற்றி அடக்கியிருந்தார்கள். பூத்தால் மெழுகில் வார்த்த நட்சத்திரம் மாதிரி கொத்துக் கொத்தாகத் தொங்கும், பொழுது சாய்ந்தால் மணக்கும் என்று கொண்டுவந்தவர் சொன்னார். வெளிச்சம் வேண்டும், சுள்ளென்ற வெயில் கூடாது, மண் நன்றாகக் காய்ந்த பிறகுதான் தண்ணீர், பூ உதிர்ந்த காம்பை வெட்டக் கூடாது, அடுத்த பூவும் அந்தக் காம்பில்தான் வரும். இவ்வளவுதான் அதற்கு வேண்டியது. டாக்டர்களின் கையெழுத்தைப் படித்து மருந்து எடுத்துக் கொடுத்தே வயதானவளுக்கு இது ஒரு பெரிய சீட்டா? கூடத்து ஜன்னலோரம் வைத்தேன், மண்ணில் விரலை விட்டுப் பார்ப்பேன், காய்ந்திருந்தால் ஊற்றுவேன், ஈரமாக இருந்தால் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவேன். நீ வாராவாரம் அதன் போட்டோ கேட்டாய். பெற்றவளின் போட்டோவை நீ அப்படிக் கேட்டதில்லை, ஆனாலும் மகனுக்குச் செடிகொடி மேல் ஆசை வந்திருக்கிறது, நல்ல விஷயம் என்று அனுப்பிக்கொண்டிருந்தேன். இலைகள் மஞ்சளாகி, தொட்டால் கொழகொழவென்று உதிர ஆரம்பித்தபோது, "அம்மா, தண்ணி ஊத்தினியா? ஊத்தினது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாய். செடியைப் பற்றிக் கேட்கிறாய் என்றுதான் நான் பதில் சொன்னேன்.

அதே சமயத்தில்தான் நான் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் முதலாளி என்னை மருந்துச் சீட்டு வாங்கும் கவுண்டரிலிருந்து சோப்பு, பல்துலக்கி, குழந்தைப் பவுடர் இருக்கிற பக்கத்துக்கு மாற்றினார். "கொஞ்ச நாள் இந்தப் பக்கம் பாருங்கம்மா, ரெஸ்ட் மாதிரி இருக்கும்" என்றார். சோப்பு அடுக்குவது ரெஸ்ட் என்று நினைக்கிறவர் சோப்பு அடுக்கியதில்லை. என் இடத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் நிற்கிறாள். புரியாத கையெழுத்து வந்தால் சீட்டைத் தூக்கிக் காட்டி, "அம்மா, இது என்ன எழுத்து?" என்பாள். நான் சோப்புப் பக்கத்திலிருந்தே படித்துச் சொல்வேன். என்னவோ வியாபாரக் கணக்கு, எனக்கெதற்கு என்று பேசாமல் இருந்தேன்.

செடிக்கு வருகிறேன். மஞ்சள் கண்டதும் தண்ணீரை அடியோடு நிறுத்தினேன். நாள் போகிறது, மண் மட்டும் சேறாகவே இருக்கிறது. ஒன்று செடி அழ வேண்டும், இல்லை வீட்டுக்குள் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிற திருடன் இருக்க வேண்டும். ஒரு நாள் காலையில் குளிக்கப் போகிறவள் மாதிரி போய், பாதியில் திரும்பி வந்தேன். உன் அப்பா, தான் மாத்திரை விழுங்கிய தண்ணீரில் மிச்சத்தைத் தொட்டியில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். பிடிபட்ட திருடனாவது கொஞ்சம் ஓடிப்பார்ப்பான். இவர் டம்ளரை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "சும்மா, பூ வந்திருக்கான்னு பார்த்தேன்" என்றார். நான் கையை நீட்டி டம்ளரை வாங்கிக்கொண்டேன். "உன் மகன்தான் சொன்னான். நீ மறக்காம ஊத்துறியான்னு கவனிக்கச் சொன்னான். நீ ஃபெயிலாயிடுவியோன்னு எனக்கு பயம், அதான் தினமும் கொஞ்சம்" என்றார். ஆக, எனக்கு ஒரு பரீட்சை நடக்கிறது, அது எனக்கு மட்டும் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை உன் அக்கா வந்தாள். வந்ததும் வராததுமாய் "அம்மா, டீ போடேன்" என்றாள். போனேன், அடுப்பைப் பற்றவைக்காமலே திரும்பினேன். கைப்பையிலிருந்து பாட்டிலை எடுத்து ஊற்றிக்கொண்டிருக்கிறாள், பாதி பாட்டில் காலி. "தம்பிதான்மா, உன் ஞாபகம் எப்படி இருக்குன்னு பாக்க இது நல்ல வழின்னு எங்கேயோ படிச்சானாம். செடி காஞ்சு கிடந்தா உன்னைத்தானே சொல்லுவான்னு வர்றப்பல்லாம் ஊத்திட்டுப் போறேன்" என்று கண்ணைத் துடைத்தாள். உன் அப்பாவுக்கு வந்ததே ரோஷம், "நீ வேற ஊத்துறியா? அப்ப நான் எதுக்குடி தினமும் இடுப்பு வலிக்கக் குனிஞ்சேன்?" என்றார். இரண்டு பேருக்கும் தனித்தனியாக ரகசியம் சொல்லி வைத்திருக்கிறாய், அவர்கள் என்னைப் பாஸாக்கத் தனித்தனியாகப் பாடுபட்டிருக்கிறார்கள். தொட்டி நிறைய நின்ற ஈரத்தைப் போட்டோவில் பார்த்துவிட்டு, அம்மா ஊற்றியதை மறந்து மறந்து ஊற்றுகிறாள் என்று அங்கிருந்தபடியே தீர்ப்பு எழுதிவிட்டாய். அவர்கள் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார்கள், நீ எனக்கே தண்ணீர் தெளித்துவிட்டாய்.

இதோடு போயிருந்தால் சிரித்துத் தொலைத்திருப்பேன். உன் அக்கா போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "அவன் உங்க கடைக்கும் போன் பண்ணிட்டான்மா" என்றாள். மறுநாள் முதலாளியிடம் நேராகக் கேட்டேன். நல்ல மனிதர், தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கு உங்க மேல சந்தேகமே இல்லம்மா. ஆனா பெத்த பிள்ளையே சொல்றப்ப நான் என்ன செய்ய? மருந்து விஷயம். உங்க பையனையே ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க, நாளைக்கே கவுண்டருக்கு வந்துருங்க" என்றார். அவர் செய்தது சரி. மருந்து கொடுக்கிறவளுக்கு ஞாபகம் தப்புகிறது என்று காதில் விழுந்தால் நானும் அதைத்தான் செய்வேன். அவரைத் திட்டக்கூட எனக்கு வழியில்லாமல் செய்திருக்கிறாய், மொத்தமும் உனக்கே வந்து சேர்கிறது.

என் வயதில் ஞாபகம் போகவே போகாது என்று நான் சாதிக்கவில்லை. போனால் அது முதலில் எனக்குத் தெரிய வேண்டும், எனக்குத் தெரியவில்லை என்றால் முதலில் என்னிடம் சொல்ல வேண்டும். அன்றைக்கு நானே கவுண்டரை விட்டு இறங்குவேன். "அம்மா, எனக்குப் பயமா இருக்கு, ஒரு டாக்டரைப் பாரேன்" என்று நீ கேட்டிருந்தால் திட்டிக்கொண்டே போயிருப்பேன். அதைக் கேட்க உனக்குத் தைரியமில்லை, ஒரு செடியைத் தூது அனுப்பினாய். இன்னொன்றும் கேள். போன மாதம் உன் இருமலுக்கு எந்த மருந்து, எவ்வளவு என்று அக்காவிடம் கேட்டாயாம். அவளுக்கு என்ன தெரியும், என்னிடம் கேட்டுத்தான் உனக்குச் சொன்னாள். இருமல் நின்றுவிட்டதாகக் கேள்வி.

கொடியைப் பிடுங்கிப் பார்த்தேன், வேர் முக்கால்வாசி கறுத்து நாறியது. வெட்டி எறிந்துவிட்டு, தேங்காய் நாரும் கரித்துண்டும் கலந்த மண்ணில் மிச்சத்தை நட்டு, உன் அப்பாவின் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறேன். பிழைக்குமா என்று இப்போது சொல்வதற்கில்லை. இனி அதற்குப் போட்டோ கிடையாது.

வேளாவேளைக்குச் சாப்பிடு, கண் எரிய எரியக் கம்ப்யூட்டரைப் பார்க்காதே. நீ நன்றாக இருக்க வேண்டும், என் கோபத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்த அன்றே முதலாளிக்குப் போன் செய். "அம்மாவுக்கு இப்ப பரவாயில்லை" என்று மட்டும் சொல்லிவிடாதே, எனக்கு எதுவும் வந்து குணமாகவில்லை. "நான் தப்பாச் சொல்லிட்டேன்" என்று சொல். உனக்குப் பழக்கமில்லாத வாக்கியம், முதலில் என்னிடம் சொல்லிப் பழகிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உன் போன் வரும்வரை சோப்பு அடுக்கிக்கொண்டிருக்கும்
அம்மா