இருபத்திநாலு இஞ்சு மரியாதை

என் கூடவே படுத்துத் தூங்கி, என் போர்வையையும் இழுத்துக்கொண்டு தூங்கிய லூர்து அண்ணனுக்கு,

நாளைக்குக் கல்லறைத் திருநாள். அம்மா உன் கல்லறைக்கு வெள்ளை அடிக்க ஆள் அனுப்பியிருக்கிறாள். மாலைக்குச் சொல்லியாகிவிட்டது. பெரியப்பா வந்து நின்று பார்த்துவிட்டு, "சிலுவை கொஞ்சம் உசரமா வச்சிருக்கலாம், கௌரவமா இருந்திருக்கும்" என்றார். செத்த பிறகும் உன்னை உயரமாக்கிப் பார்க்கிற ஆசை இந்த ஆளுக்குப் போகவில்லை.

நான் கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபம் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இப்போது இருப்பது அருவருப்பு. சோற்றில் முடி கிடந்தால் வருமே, அதேதான். அதில் பாதி என்மேலேயே எனக்கு வருவது. அதையும் இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

உன் உடம்பை எனக்குத் தெரியும். உட்கார்ந்தால் நீயும் நானும் ஒரே உயரம். கோயில் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் பின்னாலிருந்து பார்க்கிறவர்களுக்கு யார் பெரியவன் என்று தெரியாது. பூசையில் எல்லாரும் எழுந்து நிற்கும்போதுதான் நீ என் தோளுக்குக் கீழே போய்விடுவாய். உடம்பு நீளம், கால் குட்டை. ஆண்டவர் படைத்தது அப்படி. அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஆனால் உன் மாமனார் நிச்சயத்துக்கு வந்தபோது நீ நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். மனுஷன் உன்னை நிற்கவைத்துப் பார்க்கவே இல்லை. "மாப்பிள்ளை நல்ல ஒசரம்" என்று சந்தோஷமாகத் திண்டிவனம் போய் இருபத்திநாலு இஞ்சு பிரேமில் சைக்கிள் எடுத்துவிட்டார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். இருபத்திநாலு இல்லையென்றால் கல்யாணமே இல்லை என்று பெரியப்பா சொல்லி அனுப்பியிருந்தார். தன் மகனுக்கு இருபத்திநாலு வந்ததாம், நமக்கு இருபத்திரண்டு வந்தால் ஊர் சிரிக்குமாம். மாப்பிள்ளையின் கால் எவ்வளவு என்று இந்த ஊரில் ஒரு நாய்கூடக் கேட்கவில்லை.

கல்யாணப் பூசை முடிந்ததும் அந்தச் சைக்கிளுக்கும் மாலை போட்டுக் கோயில் வாசலில் நிறுத்தினார்கள். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து, ஜெபம் சொல்லி மந்திரித்தார். எல்லாரும் உன்னை ஏறச் சொன்னார்கள். நீ ஒரு பக்கம் காலைத் தூக்கினாய், வேட்டி தடுக்கியது. இறங்கி, வாசல்படியில் ஏறி நின்று, அங்கிருந்து சீட்டுக்குத் தாவினாய். சனம் கைதட்டியது. கைதட்டலில் எத்தனை பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள் என்று நான் எண்ணவில்லை, அண்ணா. நானும் அவர்களில் ஒருத்தன்.

அந்த வாரமே நீ கேரியர் மாட்டக் கூனிமேட்டுக்குப் போனாய். சைக்கிள்கடை பாய் உன்னையும் வண்டியையும் பார்த்துவிட்டு, "மேஸ்திரி, இந்த வண்டி உங்களுக்கு ஆகாது. எங்கிட்ட இருபது இஞ்சு புதுசா ஒண்ணு நிக்குது. மாத்திக்குங்க" என்றாராம். நீ வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடும்போது, ஏதோ பேச்சுக்குச் சொல்வது மாதிரி மெதுவாகச் சொன்னாய். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "மந்திரிச்ச வண்டிடா. மந்திரிச்ச பொருளைக் கடையில குடுப்பாங்களா? பாவம் இல்லியா?" பெரியப்பா அதற்கு மேல் போனார். "இருபதா? அது பள்ளிக்கூடப் புள்ளைங்க ஓட்டறதுடா. உப்பளத்து மேஸ்திரி அதுல போனா எந்தக் கூலியாள் உனக்கு பயப்படுவான்?"

நீ என்னைப் பார்த்தாய். நான் ஒரு வார்த்தை சொல்லுவேன் என்று பார்த்தாய். நான் குனிந்து மீன்முள்ளை எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஏன் பேசவில்லை தெரியுமா? அந்தச் சைக்கிள் எனக்குச் சரியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நீ அதை என்னிடம் கொடுப்பாய், நான் பாண்டிக்குப் படம் பார்க்கப் போவேன். குறுக்குக் கம்பிக்கு மேலே நின்றால் எனக்கு நாலு விரல் இடம் இருந்தது. நீ இருபதுக்கு மாற்றினால் என் முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கும், ஞாயிற்றுக்கிழமை போய்விடும். இதுதான் காரணம். வேறு எந்தக் காரணமும் இல்லை. தூ! எழுதும்போதே கை கூசுகிறது.

அதற்குப் பிறகு நீ பட்ட பாட்டை நான் தினமும் பார்த்தேன். சீட்டைக் கம்பியோடு கம்பியாக இறக்கி வைத்தாய். அப்படியும் பெடல் கீழே போகும்போது கால் எட்டாது. இடுப்பை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டி ஆட்டித்தான் மிதிப்பாய். தொடை இடுக்கெல்லாம் புண். அண்ணி வேப்பெண்ணெய் காய்ச்சிக் கொடுப்பதை ஊரே கேலி பேசியது. ஏறுவதற்குக் கல், இறங்குவதற்குக் கல். உப்பளத்துக்குப் போகிற வழியில் எந்த இடத்தில் கல் இருக்கிறது, எந்த இடத்தில் மதகு இருக்கிறது என்று உனக்கு மனப்பாடம். சாலை திரும்புகிற இடத்து மைல்கல்லுக்கு 'லூர்து கல்லு' என்றே பேர் வைத்துவிட்டார்கள். இன்றைக்கும் அதே பேர்தான். பஸ் கண்டக்டர்கூட அப்படித்தான் சொல்லுகிறான்.

அந்த மத்தியானத்தை உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆனால் என் பக்கத்திலிருந்து எப்படி இருந்தது என்று நீ கேட்டதில்லையே. நான் என்ஜின் கொட்டகையில் இருந்தேன். பாத்திக்கு உப்புத்தண்ணீர் இறைத்துவிட்டு ஐந்தாறு பேர் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தோம். நீ லாரி போகிற பெரிய கரைமேல் வந்துகொண்டிருந்தாய். எதிரில் உப்பு லாரி. ஒதுங்கி நிற்க வேண்டியதுதான். காலை ஊன்றினால் போதும். ஆனால் ஊன்றுவதற்கு அங்கே கல் இல்லை. நீ காலைத் துழாவினாய், தரை எட்டவில்லை. வண்டியோடு அப்படியே பாத்திக்குள் சாய்ந்தாய். ஹேண்டில்பார் முனை உன் வயிற்றுக்கு அடியில் சிக்கியிருந்தது.

சிரித்தோம். ஐந்தாறு பேரும் சிரித்தோம். நான் கஞ்சி புரையேறுகிற அளவுக்குச் சிரித்தேன். "ஏம்பா மேஸ்திரி, பாத்தி ஆழம் பாக்கிறியா?" என்று ஒருத்தன் கத்தினான். நீ எழுந்து, மேலெல்லாம் உப்பைத் தட்டிவிட்டு, நீயும் சிரித்தாய். "ஒண்ணும் இல்லடா" என்றாய். வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தே போனாய். நீ ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போனதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கஞ்சியைக் குடித்து முடித்தேன்.

இரண்டு நாள் சோடா குடித்தாய். வாயு என்றாய். மூன்றாவது நாள் உன் உதடு வெளுத்த பிறகுதான் பாண்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, "உள்ளுக்குள்ளயே ரத்தம் கசிஞ்சிருக்கு. விழுந்த அன்னைக்கே ஏன் கூட்டிட்டு வரல?" என்று கேட்டார். நான் என்ன சொல்வேன்? சிரித்துக்கொண்டிருந்தோம் என்றா?

உன்னை வீட்டில் கிடத்தியிருந்தபோது பெரியப்பா என் காதருகே வந்து கேட்டது என்ன தெரியுமா? "வண்டிக்கு ஒண்ணும் ஆகலியே?" கருமம்! வண்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை, அண்ணா. பெல்கூட அடித்தது.

நாற்பதாம் நாள் பூசை முடிந்ததும் அம்மா அந்தச் சைக்கிளைத் துடைத்து என்னிடம் கொடுத்தாள். "ஏறிப் பாருடா" என்றாள். ஏறினேன். "உனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குது பாரு" என்று சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நான் இறங்கிக் கொல்லைப்பக்கம் போய் வாந்தி எடுத்தேன். அன்றிலிருந்து அதில் ஏறவில்லை. போன மாதம் எனக்குப் பெண் பார்க்கிற பேச்சு வந்தது. பெரியப்பா கணக்குப் போடுகிறார்: "சைக்கிள்தான் வீட்லயே ஒண்ணு இருக்குதே, அதுக்குப் பதிலா மோதிரம் கேட்டுடலாம்." அம்மா தலையாட்டினாள். உன்னைக் கொன்ற வண்டி எனக்கு மோதிரம் வாங்கித் தரப்போகிறதாம். எனக்கு இப்போதைக்குக் கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அண்ணியைப் பற்றிச் சொல்லவேண்டும். ஜெயமேரி அண்ணி அழுது முடித்துவிட்டாள். பக்கத்துக் குப்பத்துப் பால்வாடியில் ஆயா வேலை கிடைத்திருக்கிறது. போக வர ஆறு மைல் நடை. போன வாரம் என்னிடம் வந்து நின்றாள். "தம்பி, அவரு வண்டியக் குடுத்துட்டு எனக்கு ஒரு வண்டி வாங்கிக் குடுங்க" என்றாள். "கௌரவமா எல்லாம் வேணாம். காலு தரையில எட்டணும். அது போதும்."

அம்மா கத்திய கத்து தெருமுனை வரைக்கும் கேட்டது. பொம்பளைக்குச் சைக்கிளா, அதுவும் தாலியறுத்தவளுக்கா என்று ஆரம்பித்து, கடைசியில் பழைய இடத்துக்கே வந்தாள்: மந்திரித்த வண்டி, கொடுக்கக் கூடாது. சரி, இதை இன்றைக்குத் தீர்த்துவிடுவோம் என்று நேராகச் சாமியாரிடம் போனேன். உனக்கு மந்திரித்த அதே சாமியார்தான். கேட்டதும் அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"யாருப்பா சொன்னது? நான் இரும்புக்கா மந்திரிச்சேன்? ஓட்டறவனுக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னுதான் மந்திரிச்சேன். காலுக்கு ஆகலேன்னா அன்னைக்கே மாத்திட்டு வர வேண்டியதுதானே? எங்கிட்ட ஒருத்தரும் கேக்கலியே."

ஒருத்தரும் கேட்கவில்லை. கோயில் நம் வீட்டிலிருந்து நூறு அடி தூரம், அண்ணா. நூறு அடி நடந்துபோய் ஒரு வார்த்தை கேட்க எங்கள் யாருக்கும் கால் வரவில்லை.

வண்டியைத் தள்ளிக்கொண்டு அண்ணியோடு கூனிமேட்டுக்குப் போனேன். பாய் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். வண்டியைப் பார்த்தார், வாங்கி ஓரமாக நிறுத்தினார். உனக்கு அந்தக் கடை தெரியும். உள்சுவரில் தரையிலிருந்து பென்சில் கோடுகள் போட்டிருப்பார். வருகிறவன் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரில் சாய்ந்து நிற்கவேண்டும். கவட்டையில் ஒரு பலகையைக் கிடையாக வைத்து, அது சுவரில் படுகிற இடத்தில் கோடு. பக்கத்தில் பேர், அந்தக் காலுக்கு ஆகிற பிரேம் அளவு. ஆள் உயரத்தை அவர் பார்ப்பதே இல்லை. "ஒசரம் எதுக்கு? தலையாலயா மிதிக்கப் போறாங்க?" என்பார்.

அண்ணியை அவர் அளக்கவில்லை. உள்ளே கூப்பிட்டுத் தன் வீட்டம்மாவிடம் ஒரு சணல் கயிற்றைக் கொடுத்தார். அந்த அம்மா அண்ணியை உள்ளறைக்குக் கூட்டிப்போய் அளந்து, கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். பாய் கயிற்றின் ஒரு முனையைத் தரையில் வைத்து, சுவரோடு மேலே இழுத்துப் பிடித்தார். முடிச்சு ஒரு பழைய கோட்டின்மேல் போய் நின்றது. பாய் கையை எடுக்கவே இல்லை. நான் குனிந்து பார்த்தேன்.

'லூர்து மேஸ்திரி. 20.'

நீ அளந்துகொண்டது எங்களுக்குத் தெரியாது. மாற்றிக்கொள்ளலாம் என்று பாய் சொன்னார் என்று மட்டும்தான் சொன்னாய். செருப்பைக் கழற்றி, சுவரில் சாய்ந்து நின்று, உன் காலுக்கு எது சரி என்று தெரிந்துகொண்டுதான் வீட்டுக்கு வந்தாய். "அளந்ததும் இருபதுல ஏத்தி ஒக்கார வச்சேன். ரெண்டு காலும் தரையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் எறங்கவே இல்ல" என்றார் பாய். "நாளைக்கு வந்து எடுத்துக்கறேன் பாய்னு சொல்லிட்டுப் போனாரு." அண்ணி சுவர்ப்பக்கம் திரும்பி அந்தப் பேரை விரலால் தொட்டாள். நான் வெளியே வந்து நின்றுகொண்டேன்.

இருபது இஞ்சில் லேடீஸ் சைக்கிள் எடுத்தோம். அண்ணி சாயங்காலத்தில் பழகுகிறாள். வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்கிறது, சேராமல் இருக்குமா? முந்தாநாள் உன் பேர் வைத்த மைல்கல்லுக்குப் பக்கத்தில் திரும்பும்போது விழுந்துவிட்டாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அதே சிரிப்பு, அண்ணா. ஓடிப்போய் அவளைத் தூக்கி, "எங்க பட்டுச்சு? வயித்துல பட்டுச்சா? சொல்லுங்க அண்ணி, எங்க பட்டுச்சு?" என்று கத்தினேன். முழங்கையில் சிராய்ப்பு, வேறு ஒன்றும் இல்லை. ஆனால் என் குரலைக் கேட்டுச் சிரித்தவர்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டார்கள். நானே அழுதுகொண்டிருந்தேன் என்று அப்புறம்தான் தெரிந்தது. அண்ணி என்னைப் பார்த்து, "விடுங்க தம்பி, நீங்க கேட்டது அவருக்கும் கேட்டிருக்கும்" என்றாள். பிறகு மறுபடி ஏறினாள். கல்லில் கால் வைக்காமல், தரையிலிருந்தே ஏறினாள்.

அந்த ஒரு கேள்வியை உன்னிடம் கேட்க எனக்கு இரண்டு நாள் இருந்தது. கேட்கவில்லை. அதனால் உன்னிடம் வாக்குக் கொடுக்கிறேன். என் கண்முன்னால் எவன் விழுந்தாலும், எவள் விழுந்தாலும், எவ்வளவு கோமாளித்தனமாக விழுந்தாலும், முதலில் ஓடிப்போய் எங்கே பட்டது என்று கேட்பேன். அவர்கள் ஒன்றும் இல்லை என்று சிரித்தால், நம்பமாட்டேன்.

உன் சைக்கிளில் உன்னைவிட நன்றாகக் கால் எட்டிய
உன் தம்பி,
சவரி