வலப்புறம் சாய்ந்த எழுத்து

16.03.1983, புதன்
காலை 10.20க்குத் தபால். என் மனைவி குணமணிக்கு ஒரு வாழ்த்தட்டை. அவளுக்கு மூக்குக்கண்ணாடி செய்து கொடுத்த சிராங்கூன் சாலைக் கடைக்காரர் சுந்தரம் அனுப்பியிருக்கிறார். ஆங்கிலத்தில், "அன்புள்ள தோழிக்கு, இந்த நாளை நான் மறக்கவில்லை."

அடையாள அட்டைப்படி இன்று அவள் பிறந்தநாள்தான். நாங்கள் அனுசரிப்பதோ பங்குனி உத்தரம். இவ்வாண்டு 28ஆம் தேதி. இதை அவருக்கு யார் சொல்வது?

"எவ்வளவு வாஞ்சையா எழுதியிருக்கிறார் பாருங்கோ," என்றாள் குணமணி. "உங்கட எழுத்து ஒபீஸ் கடிதம் மாதிரி."

தோழியாமே!

18.03.1983, வெள்ளி
அவள் சந்தைக்குப் போனபின் பூதக்கண்ணாடியால் ஆராய்ந்தேன். சிங்கப்பூர்த் துறைமுக அலுவலகத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் கையொப்பங்களை ஒப்புநோக்கியவன் நான். எழுத்துகள் வலப்புறம் சாய்கின்றன, ஒன்றையொன்று தொடுவதில்லை, பேசிக்கொண்டே எழுதியது போன்ற அலட்சியம். மை சிந்தவில்லை, நடுக்கமில்லை. தன்னம்பிக்கை மிகுந்த ஆண் கை என்பதே என் முடிவு.

21.03.1983, திங்கள்
ஆங் மோ கியோ ரொட்டிக்கடைக் கண்ணாடியில் அதே கையெழுத்து! சிகையலங்காரக் கடையிலும், நடன வகுப்பு விளம்பரத்திலும். இந்த மனிதர் எத்தனை பேருக்குத்தான் எழுதுகிறார்? குணமணியிடம் சொன்னேன். "பாவம், கெட்டிக்காரர்," என்றாள். பாவமா?

23.03.1983, புதன்
அட்டையுடன் அச்சகக்காரர் ஜலாலுதீனிடம் சென்றேன். யார் கை என்று கேட்டேன். வாய்விட்டுச் சிரித்தார்.

"யார் கையும் இல்ல லா, சார். அச்செழுத்து. எழுத்து அச்சடிச்ச தாள் விக்கிறாங்க, அதுல இருந்து தேய்ச்சு ஒட்டுறது. கல்யாணத்துக்கும் இதையே கேக்குறாங்க, கருவாட்டுக் கடை திறப்புக்கும் இதையே கேக்குறாங்க. பாத்தா நம்ம ஆளு எழுதின மாதிரி இருக்குல்ல?"

பூதக்கண்ணாடி வைத்தும் கவனிக்கவில்லை: நான்கு 'e'-யும் அச்சு அசலாக ஒன்றே.

ஆள் இல்லை என்று தெரிந்த பின்னும் ஏன் வயிறு எரிகிறது? கையே இல்லாத ஒன்று அவளை ஒரு வரியில் மகிழ்வித்துவிட்டது. என்னால் முடிந்ததா?

அதே எழுத்தில் குணமணிக்கு என் பெயரிலும் ஓர் அட்டை போடச் சொன்னேன்.

28.03.1983, திங்கள். பங்குனி உத்தரம்.
கோவிலிலிருந்து வந்ததும் அட்டையைக் கொடுத்தேன். படித்தாள்.

"இது எந்தக் கடை?"

அடியில் என் பெயரைப் பார்த்தாள், நெடுநேரம் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"ஏன், உங்களுக்குக் கை நோகுதோ?"

29.03.1983, செவ்வாய்
மூன்று தாள்கள் கிழித்தேன். நான்காவதில், "மேற்கண்ட பொருள் குறித்து" என்று தொடங்கிவிட்டேன். அடித்துவிட்டு அதன் கீழேயே எழுதினேன். ஒரு பக்கம் முழுவதும். அடித்தல் திருத்தலுடன் அப்படியே அவள் தலையணை மேல் வைத்தேன்.

02.04.1983, சனி
தேநீர்க் கோப்பைக்கு அடியில் மடித்த தாள். அவள் பதில். மணமாகி முப்பத்தெட்டு ஆண்டுகள். கடைச்சாமான் பட்டியலைத் தவிர அவள் கையெழுத்தை நான் கண்டதில்லை. எழுத்துகள் சாய்கின்றன, சில இடங்களில் வரியை விட்டே இறங்குகின்றன.

தேதி போடவில்லை. நானும் போடச் சொல்லவில்லை.