டிரெய்லர் குரல்

ஞாயிறு, இரவு.

கோச்சடைக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தேன். பழைய படங்களின் டிரெய்லருக்குக் குரல் கொடுத்தவர். பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டது. எனக்குப் பிடித்த டிரெய்லரை போனில் போட்டுக் காட்டினேன்.

"அண்ணே, ஒங்க குரலக் கேட்டுத்தான் இந்தப் படத்துக்கே போனேன்."

இடது கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அடக்கம் என்று நினைத்து மறுபடியும் போட்டேன். இன்னும் புகழ்ந்தேன்.

காபி கொண்டுவந்த அவர் மனைவி நின்று கேட்டுவிட்டுச் சொன்னார். "இது இவுக இல்ல தம்பி. மெட்ராஸ்ல வேற ஒருத்தர்."

அப்போதுதான் அந்தக் கை நின்றது.

"அப்ப அண்ணன் பேசுனது எது?"

"எங்க போயித் தேட? டிரெய்லர்ல கொரல் குடுத்தவுக பேரா போட்டாக?"

காபியைக் குடித்துவிட்டு எழுந்தேன். அம்புட்டுப் புகழ்ந்தவனுக்கு அவர் குரல் எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியாது.