தலையணை பின் சீட்டுக்குப் போன கதை

ஜூலை 21, திங்கள்

காலையிலிருந்து ஆடிக்காற்று. கொடியில் போட்ட சேலை பக்கத்துத் தென்னந்தோப்பில். வேலந்தாவளம் பேருந்து இருபது நிமிடம் தாமதம். அதற்குள் போனில், குழுவில் சண்டை.

எங்கள் குழு: ஒரு பழைய விண்கலத் தொடரை இன்னும் விடாமல் பார்க்கும் முப்பது கிறுக்குகள். நான் தலைமைக் கிறுக்கு. பள்ளியில் அறிவியல் டீச்சர், இங்கே வக்கீல். தொடரில் முன்னுக்குப் பின் முரண் எதுவானாலும் காரணம் கண்டுபிடிப்போம். ஒரே விதி: 'அது தப்பு, எடுத்தவங்க கவனிக்கல' என்று யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் நீக்கம். காரணம் கதைக்குள்ளிருந்தே வர வேண்டும்.

இன்று: எபிசோடு 7-ல் தளபதிக்கு இடது கன்னத்தில் தழும்பு, எபி. 9-ல் வலது கன்னத்தில். நான் சொன்னது: எபி. 8-ல் கலம் காந்தப் புயலுக்குள் போகிறதே, அதில் எல்லாமே இடம் வலமாக மாறிவிட்டது. ஒரே கைதட்டல். ரொம்பத்தான் பெருமை எனக்கு.

மாலை தம்பி கார்த்தி போன், பீர்மேட்டிலிருந்து. எஸ்டேட்டில் உதவி மேனேஜர். குரலே சரியில்லை. சனிக்கிழமை மூடுபனியில் எஸ்டேட் ஜீப் மோதி, கொழுந்து பறிக்கும் செல்விக்குத் தொடையெலும்பு முறிவு. ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். மோதியது எதுவும் நினைவில்லையாம். ஓட்டியது டிரைவர் மாடசாமி, இவன் பக்கத்து சீட்டில். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு இருவரும் ஸ்டேஷனில் வாக்குமூலம் கொடுக்க வேண்டும்.

"அக்கா, ஓட்டை கண்டுபுடிக்கறதுல நீதான் கெட்டிக்காரி. போலீஸு கண்டுபுடிக்கறதுக்கு முன்னால நீ கண்டுபுடிச்சு அடைச்சுரு."

வாக்குமூலத்துக்காக எழுதியதையும், மோதியவுடன் எடுத்த மூன்று போட்டோக்களையும் அனுப்பினான்.

ஜூலை 22, செவ்வாய்

பேப்பர் திருத்தம், 10 பி. பாதி கூட முடியவில்லை.

கார்த்தி எழுதியதில் ஓட்டைகள்:
1. ஆபீஸிலிருந்து கிளம்பியது நாலரை, மோதியது ஐந்தே கால். தூரம் பத்து நிமிடம். (அடைத்தது: பனி விலகட்டும் என்று வளைவில் நிறுத்தியிருந்தார்கள்.)
2. 'மழை' என்கிறான். போட்டோவில் சாலை காய்ந்து கிடக்கிறது. (மழையை எடுத்துவிட்டு மூடுபனி மட்டும்.)
3. தலையணை.

மாடசாமி அண்ணன் குள்ளம். சீட்டில் பூப்போட்ட தலையணை போட்டு உட்கார்ந்தால்தான் ரோடு தெரியும். போன மே மாதம் எங்களை ஊர் சுற்றிக் காட்டியபோது அதை வைத்து எவ்வளவு கேலி செய்தோம். அது இல்லாமல் வண்டியைத் தொடவே மாட்டார். போட்டோவிலோ தலையணை பின் சீட்டில்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை எனக்கு. விழுந்து கிடந்த செல்வி தலைக்கு வைக்க மாடசாமியே உருவி எடுத்தார். ஜீப்பில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றியபோது பின்னால் போட்டார்.

கா.: "அக்கா, உன்னைக் கோயில் கட்டிக் கும்புடோணும்."

ஜூலை 23, புதன்

ரசம் பொங்கி அடுப்பெல்லாம். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தலையணையில் ஒரு பொட்டு மண் இல்லை. ரத்தமில்லை. இன்னொரு போட்டோவின் ஓரத்தில் செல்வி இன்னும் தரையில்தான் கிடக்கிறாள். டிரைவர் சீட் கடைசி வரைக்கும் பின்னால் தள்ளியிருக்கிறது. மாடசாமி அண்ணனுக்கு அங்கிருந்து கிளட்ச் எட்டாது. என் தம்பி ஆறடி.

அழைத்தேன். "நீதான ஓட்டுன?"

"ஆவணில கல்யாணம் அக்கா. பொண்ணு வீட்டுல தெரிஞ்சா அவ்வளவுதான். அவரே ஒத்துக்கிட்டாரு. அவருக்கு ஒண்ணும் ஆவாது."

போனை வைத்துவிட்டேன். கோழை. பத்திரிகைக்கு மஞ்சள் தடவியது நான், புடவை எடுத்தது நான். தொட்டிலில் போட்டு ஆட்டியவளும் நான்தான்.

குழுவில் எபி. 14-ல் செத்த டாக்டர் எபி. 16-ல் நடந்து போவது பற்றிக் கேட்டிருக்கிறார்கள். பார்க்கவே பிடிக்கவில்லை.

ஜூலை 24, வியாழன்

காற்று. கரண்ட் இல்லை. மதிய இடைவேளையில் தெரியாத எண்.

"டீச்சரம்மா, பீர்மேடு மாடசாமி பேசுதேன். சந்தேகம்னா ஒங்கள்ட்ட கேக்கச் சொன்னாக சாரு."

சொல்லுங்கண்ணா என்றேன்.

"எல்லாம் மனப்பாடம் பண்ணிட்டேன் தாயி. ஒரு எடந்தான் இடிக்கி. தலகாணிய அந்தப் புள்ள தலைக்கு வச்சேம்லா, அது ரோட்டுக்கு மேட்டுப் பக்கமா, பள்ளத்துப் பக்கமா? ஏட்டு கேட்டா திக்கிறக் கூடாது பாருங்க."

"உங்களுக்குத் தெரியாதுங்களா அண்ணா?"

"நான் அன்னைக்கு வண்டியிலயே இல்லலா. குமுளியில மக வீட்டுக்குப் போயிருந்தேன்."

அவர் உட்கார்ந்திருந்தது பக்கத்து சீட்டிலா, பின் சீட்டிலா என்று எல்லாம் யோசித்தேன். இது தோன்றவில்லை.

ஏன் ஒத்துக்கொண்டார் என்று கேட்டேன். அவர் குடியிருக்கும் லைன் வீடு எஸ்டேட்டுடையது. ஓய்வுக்கு இன்னும் ஒரு வருடம். "சாரு பாத்துக்கிடுதேன்னு சொல்லியிருக்காக. கோளாறா, திக்காமச் சொல்லிட்டா வீட்டுக்கு வில்லங்கமில்ல."

ஸ்டாஃப் ரூமில் யாரும் இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேன். "அது தப்புங்கண்ணா. தலையணைக் கதை நான் கட்டுனதுங்க. நீங்க வண்டில இல்லைன்னே சொல்லுங்க."

"அப்ப வீடு, தாயி?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். அதுதான் உண்மை. நாளைக்கு போட்டோக்களோடு நானும் ஸ்டேஷனுக்கு வருகிறேன், உங்கள் பக்கத்தில் நிற்கிறேன் என்றேன். அழுதாரா, இருமினாரா, புரியவில்லை. போனை வைத்துவிட்டார்.

விடுப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தாயிற்று. பை கட்டியாயிற்று.

குழுவில் ஒரு வரி போட்டேன்: 'தழும்பு இடம் மாறியது தப்பு. எடுத்தவங்க கவனிக்கல.' என்னை யார் நீக்குவது என்று தெரியாமல் முழிக்கிறார்கள்.

ஐந்து மணிக்குக் கார்த்தி. குரலில் தெம்பு. மாடசாமி பேசியதை அவனிடம் சொல்லவில்லை போல.

"அக்கா, இன்னும் ஓட்டை ஏதாச்சும் பாக்கி இருக்குதா?"

"ஒண்ணு இருக்குது கண்ணு. நாளைக்கு பஸ்ஸுல வருது."